பதினோரு வினாடி

அத்தியாயம் 9

பொய் சொல்லிப் பழகாதவன் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால், அதைக் கட்டிக் காப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நம் லிப்ட் மெக்கானிக் ஒரு வாரமாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். சட்டைப் பை என்று சும்மா சொல்லவில்லை. பொய் நிஜமாகவே அங்கேதான் இருந்தது, அவனுடைய போனுக்குள்.

போன வாரம் அவன் மனைவி ஓங்கிச் சாத்திய கதவு ஞாபகம் இருக்கிறதல்லவா? எதற்கு அந்தச் சண்டை என்று மறந்துபோனவர்களுக்காக நாலு வரி. அவர்களுடைய பெண் குழந்தைக்கு இரண்டேகால் வயது. பேசுவதில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். அவர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"பேச்சு வரவே இல்லையா? இல்ல, வந்து நின்னு போச்சா?"

"வந்துச்சு டாக்டர். பதினாலு வார்த்தை பேசினா," என்றாள் மனைவி.

"வரவே இல்ல டாக்டர். இவ ஆசையில சொல்றா. எனக்கே மூணு வயசு வரைக்கும் பேச்சு வரல. லேட்டாப் பேசுறது எங்க பரம்பரை," என்றான் இவன்.

ஒரே குழந்தையைப் பற்றிப் பெற்றவர்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் டாக்டர் என்னதான் செய்வார்? பழைய வீடியோ இருந்தால் எடுத்து வாருங்கள் என்று தேதி கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தத் தேதி இன்று. மாலை நாலு மணி.

வீடியோவுக்கா பஞ்சம்? ஐம்பது இருந்தது. ஆனால் மனைவியின் பழைய போன் ஐந்து மாதத்துக்கு முன் வாளித் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டுவிட்டது. மிஞ்சியதெல்லாம் அவள் தம்பி எடிட் செய்து ஊருக்கெல்லாம் அனுப்பியவை. தம்பிக்கு வீட்டில் டைரக்டர் என்று பட்டப்பெயர். பாட்டுப் போடாமல் ஒரு வீடியோவையும் வெளியே விடமாட்டான். ஐம்பது வீடியோவிலும் குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கேட்பது மட்டும் புல்லாங்குழல்.

"உங்க போன்ல நான் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல. மெமரி நிறைஞ்சு போச்சுன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன்," என்றான்.

கதவு சாத்தியது அதற்கு அப்புறம்தான்.

அவன் எதையும் அழிக்கவில்லை. எட்டரை மாதத்துக்கு முன் வந்த பதினோரு வினாடி மெசேஜ் ஒன்று போனில் பத்திரமாக இருந்தது. வேலைக்குப் போகிற இடங்களில் மொட்டை மாடி மெஷின் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, போனைக் காதோடு ஒட்டி வைத்து, தினமும் கேட்பான். ஒரு நாளுக்கு நாலு தடவை கேட்டதும் உண்டு. அப்படிக் கேட்டுவிட்டு வந்துதான் டாக்டரிடம் வரவே இல்லை என்று சாதித்தான்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அவன் கணக்கு இதுதான். வராத பேச்சு என்றைக்காவது வரும், காத்திருக்கலாம். வந்த பேச்சு போயிருந்தால் எதற்காகக் காத்திருப்பது? அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. பெற்ற மனசுதானே, அதனிடம் நியாயம் பேசி ஆகுமா?

காலை எட்டு மணிக்கு அவன் சாப்பிட உட்கார்ந்தபோது குழந்தை தரையில் பாத்திர மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மூடி வேகமாகச் சுற்றும், தள்ளாடும், டகடகவென்று அடங்கும். அடங்கியதும் மறுபடியும். ஒரு மணி நேரமாக இதே வேலை.

"பாப்பா, அப்பாவைப் பாரு."

பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அலமாரி வரைக்கும் கூட்டிப்போய் அவன் கையைத் தூக்கி பிஸ்கட் டப்பா பக்கம் வைத்தாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்குக் கை மட்டும் போதுமாக இருந்தது. டப்பாவைத் திறந்து கொடுத்தான்.

மனைவி மேஜைமேல் ஒரு அட்டையை வைத்தாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. பழைய மாத்திரைப் பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் குழந்தை பேசிய பதினாலு வார்த்தைகளையும் வரிசையாக எழுதியிருந்தாள். அம்மா, அப்பா, பால், மேல, டாட்டா என்று நீண்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு தேதி. மருந்துப் பட்டையில் இருக்குமே, அதைப் போல. முதல் தேதி வார்த்தை வந்தது. இரண்டாவது தேதி கடைசியாகக் கேட்டது.

இரண்டாவது தேதிகளை அவன் படிக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் போட்டான்.

"இதைக் காட்டினா டாக்டர் நம்பிடுவாங்களா?"

"நீங்களே நம்பலையே. அவங்க நம்பாட்டி என்ன போச்சு?"

அந்த நேரம் பார்த்து டைரக்டர் லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றான். "எங்க என் வாயாடி?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

"டேய், அப்படிக் கூப்பிடாதன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று அக்கா சீறினாள்.

"பழக்க தோஷம்க்கா, ஸாரி." அவன் முகம் வாடிவிட்டது. லேப்டாப்பைத் திறந்து காட்டினான். "என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். பாட்டை உருவினா குரலும் சேர்ந்து வந்துடுது. அப்பவே அசலைத் தனியா எடுத்து வெச்சிருக்கணும். பாட்டுப் போடுறேன் பாட்டுப் போடுறேன்னு நான்தான்க்கா கெடுத்துட்டேன்."

"விடுடா. உனக்கென்ன தெரியும்."

"என்னன்னு விடுறது? அவ குரலையே அழிச்சிட்டேனே!" மீசை வைத்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாமா, உங்க போனைக் கடையில குடுத்தா அழிச்சதைத் திருப்பி எடுக்கலாமாம். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். குடுங்களேன்."

மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"வேலைக்கு போன் வேணும் மாப்ள. அப்புறம் பாக்கலாம்," என்று மென்று விழுங்கிவிட்டுக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் அழுகிறான், செய்தவன் செருப்பு மாட்டுகிறான். தெருமுனை வரைக்கும் அந்த எண்ணம் அவனைவிட்டுப் போகவில்லை.

*

அன்றைய வேலை ஒரு ஆறு மாடிக் குடியிருப்பில். லிப்ட் எந்த மாடியிலும் தரைக்கு நேராக நிற்கவில்லை. ஒரு சாண் மேலே போய் நின்றது. உள்ளே இருப்பவர் குதித்துத்தான் இறங்கவேண்டும்.

மெக்கானிக் எங்கே போனாலும் கருவிப் பையைத் திறப்பதற்கு முன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டான்.

"கடைசியா எப்ப ஒழுங்கா ஓடுச்சு?"

"நேத்து வரைக்கும் ஜம்முனு ஓடுச்சு சார். இன்னிக்குக் காலையிலதான் இப்படி," என்றான் வாட்ச்மேன்.

படியில் பையோடு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். "என்னப்பா இது வாய் கூசாம! ஒரு மாசமா இப்படித்தானே நிக்குது? போன வாரம் நான் தடுக்கி விழுந்தப்ப நீதானே தூக்கிவிட்ட?"

வாட்ச்மேன் திருதிருவென்று விழித்தான்.

மெக்கானிக் மொட்டை மாடிக்குப் போய் மோட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கினான். முகம் சிவந்திருந்தது.

"ஏன்யா, உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? அன்னிக்கே சொல்லியிருந்தா பிரேக் கட்டையை மட்டும் மாத்தி அரை மணியில முடிச்சிருப்பேன். இப்ப கட்டை உரசுற டிரம்மே தேஞ்சு போய்க் கிடக்கு. நீ நேத்துன்னு சொன்னா நான் ஒரு இடத்துல தேடுவேன், ஒரு மாசம்னு சொன்னா வேற இடத்துல தேடுவேன். என்கிட்ட பொய் சொல்லி உனக்கு என்ன ஆகப்போகுது?"

"பயம் சார்."

"என்ன பயம்?"

"ரிப்பேர்னு சொன்னா நீங்க லிப்டை நிறுத்திடுவீங்க. அது பாட்டுக்கு ஓடுற வரைக்கும் ஓடட்டும், தானா சரியாகிடும்னு நினைச்சுட்டேன்."

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துத் துணியால் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். திட்டிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று கப்சிப் ஆனது ஏன் என்று வாட்ச்மேனுக்குப் புரியவில்லை, பாவம்.

மெஷின் ரூமில் மதியம் அந்தப் பதினோரு வினாடியை எடுத்தான். கேட்கவில்லை. பார்த்துவிட்டு மூடிவிட்டான்.

*

டாக்டரம்மாவின் அறை மூன்றாவது மாடியில். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே மனைவி குழந்தையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அட்டை அவள் மடியில் இருந்தது. அவனைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து இடம் விட்டாள்.

உள்ளே போனதும் குழந்தை பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். டாக்டர் ஐம்பது வீடியோவில் ஆறு பார்த்தார். புல்லாங்குழல், புல்லாங்குழல், ஒன்றில் வயலின்.

"வாய் அசையுது. சத்தம் போடுறாளா, வார்த்தை சொல்றாளான்னு இதுல தெரியலையேம்மா."

"வார்த்தைதான் டாக்டர். இதோ எழுதி வெச்சிருக்கேன்." அட்டையை நீட்டினாள். "நான் பொய் சொல்லல."

"பொய்னு யாருமே சொல்லல." டாக்டர் அட்டையை நிதானமாகப் படித்தார். பிறகு அவனிடம் திரும்பினார். "சார், நீங்க இப்பவும் வரவே இல்லைன்னுதான் சொல்றீங்களா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா? அவனுக்கே தெரியாது.

டாக்டர் கீழே இறங்கிக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பாப்பா" என்றார். சக்கரம் சுற்றியது. கை தட்டினார். சக்கரம் சுற்றியது.

"அப்பா கூப்பிடட்டும். வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க. திரும்புறாளான்னு பாக்கணும்."

திரும்பவேண்டும். டாக்டருக்கு முன்னால், இந்த ஒரு தடவையாவது என் குழந்தை திரும்பவேண்டும். அவனுக்கு வேறு ஒரு நினைப்பும் இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்தான், குரலைக் கூட்டினான்.

"வாயாடி! ஏய் வாயாடி! அப்பா பாரு!"

குழந்தை திரும்பவில்லை. டாக்டர் திரும்பினார்.

"என்னன்னு கூப்பிட்டீங்க?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"வாயாடின்னு... சும்மா... செல்லமா..."

"யார் வெச்ச பேர்?"

"இவர்தான் வெச்சார்," என்றாள் மனைவி. அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "ஒண்ணரை வயசுல. வீட்டுக்குள்ள காலை வெச்சதுமே அப்பா அப்பான்னு ஓயாம பேசுறாளேன்னு இவர்தான் டாக்டர் வெச்சார்!"

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"பேசாத குழந்தைக்கு யாரும் வாயாடின்னு பேர் வைக்க மாட்டாங்களே சார்."

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஒரு மாச ரிப்பேரை நேத்துன்னு சொன்ன ஒருத்தனை இன்னிக்குக் காலையில வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வந்தேன் டாக்டர்," என்றான். "நான் எட்டு மாசத்தை மறைச்சிருக்கேன்."

பொத்தானை அழுத்தினான்.

"அப்பா... அப்பா! மேல... மேல! வாப்பா... மேல!"

வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கி, லிப்ட் போகுது லிப்ட் போகுது என்று அவன் விளையாட்டுக் காட்டுவது வழக்கம். அதற்குத்தான் கூப்பிடுகிறாள். பின்னால் அவள் அம்மா சிரிக்கிற சத்தம். பதினோரு வினாடி, அவ்வளவுதான்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியாகக் கண்ணீர் வழிந்தது. "எனக்குப் பைத்தியம்னு நானே நினைக்க ஆரம்பிச்சிட்டேன்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

குழந்தை தலை நிமிரவில்லை. தன் குரலே அறைக்குள் வந்து போனது, அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் எழுந்து நாற்காலிக்கு வந்தார். "நல்லா கேளுங்க ரெண்டு பேரும். ஆட்டிசம் இருக்கிற குழந்தைங்கள்ல சில பேருக்கு இப்படி ஆகும். ஒண்ணரை, ரெண்டு வயசு வாக்குல வந்த பேச்சு, கண்ணைப் பாக்கிறது, டாட்டா காட்டுறது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னால போகும். இது நீங்க செஞ்சு வந்தது இல்ல. போன் குடுத்ததனாலயும் இல்ல, அம்மா வேலைக்குப் போனதனாலயும் இல்ல. ஆனா, பேச்சு வந்து போயிருக்குன்னா வேற காரணம் ஏதாவது இருக்கான்னு நான் தேடியாகணும். காது டெஸ்ட் வேணும், தூங்கும்போது மூளை அலையைப் பாக்கிற டெஸ்ட் வேணும். வரவே இல்லைன்னு நீங்க சொன்னதை நம்பியிருந்தா இதுல ஒண்ணை நான் விட்டிருப்பேன். பயிற்சியை அதுக்காகத் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே ஆரம்பிச்சிடலாம்."

"போனது திரும்பி வருமா டாக்டர்?" என்று கேட்டான்.

"சில பேருக்கு வருது. சில பேர் வேற விதமாத் தங்களைச் சொல்லக் கத்துக்கிறாங்க. இவளுக்கு எப்படின்னு இப்ப நான் சொன்னா, அது சும்மா வாய்வார்த்தை." டாக்டர் பேனாவை எடுத்தார். "அந்த மெசேஜோட தேதி வேணுமே."

மனைவி கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். அவள் தேதியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு விரல் தானாகக் கீழே தள்ளிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றது.

பதினாறு நாள் கழித்து அவள் அனுப்பிய இன்னொரு மெசேஜ். ஒரு நிமிஷம் பன்னிரண்டு வினாடி. திறந்து கேட்டால் அழிகிற புள்ளி ஒன்று பக்கத்தில் இருக்குமே, அது அப்படியே இருந்தது.

"இதை நீங்க கேக்கவே இல்லையா?"

"வேலை நேரத்துல வந்துச்சு. அப்புறம் கேக்கலாம்னு..."

அதுவும் பாதி உண்மைதான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்ததும் மெசேஜில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை, அப்புறம் கேட்கவே முடியாமல் போயிற்று.

"நீங்க கேட்டுட்டுதான் கண்டுக்காம இருக்கீங்கன்னு நினைச்சேன்," என்றாள். "எட்டு மாசமா அந்தக் கோபத்தோடதான் உங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டு இருக்கேன்."

"அதுலயும் குழந்தை குரல் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர். அது உங்களுக்கு வேண்டாம். அது இவருக்கு அனுப்பினது."

போனை அவன் கையில் திருப்பி வைத்தாள்.

வெளியே வராந்தாவில் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"மூணு மாடி. குழந்தையையும் தூக்கிட்டு எதுக்கு? லிப்ட்ல வா," என்றான்.

"நாங்க படியில இறங்கிக்கிறோம். நீங்க அதைக் கேட்டுட்டு வாங்க."

குழந்தை அம்மாவின் தோளுக்கு மேலாகச் சுவரில் எங்கேயோ பார்த்துக்கொண்டு போனாள். செருப்புச் சத்தம் ஒரு மாடி இறங்கித் தேய்ந்தது.

அவன் லிப்டுக்குள் போய் நின்றான். கதவு சாத்திக்கொண்டது. எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அழுத்தாவிட்டால் லிப்ட் நின்ற இடத்திலேயே நிற்கும், அது அவனுக்குத் தெரியாதா என்ன? போனில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் விரலை வைத்தான்.

முதலில் குரல் வரவில்லை. டகடகவென்று ஒரு சத்தம். பாத்திர மூடி சுற்றி அடங்குகிற சத்தம். அன்றைக்கே சுற்ற ஆரம்பித்திருக்கிறாள். அப்புறம் மனைவியின் குரல், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாக.

"என்னங்க... வேலையில இருப்பீங்க. பதறாதீங்க. ரெண்டு நாளா இவ என்னை அம்மான்னு கூப்பிடல. நானும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். எனக்கு பயமா இருக்குங்க. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன். சாயங்காலம் சீக்கிரம் வாங்க. வந்து, ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அன்று சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அவள் வாயைத் திறக்கும் முன்னால், அவன் சொன்னது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

மெசேஜ் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பது வினாடி பாக்கி இருந்தது.